வருஷக் கடைசி நன்றி மெயில்

(இது பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

டிசம்பர் வந்தாச்சு. ஆஃபீஸ்ல பாதிப் பேர் லீவுல இருப்பாங்க. மீதிப் பேர் லீவுல போனவங்க வேலையையும் சேர்த்துப் பார்த்துட்டு இருப்பாங்க. நீங்க அந்த ரெண்டாவது கூட்டம்னா, இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

போன வருஷம் இதே நேரம் எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. சனிக்கிழமை ராத்திரி ரிலீஸ். ஞாயித்துக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு கேப்ல வீட்டுக்குப் போயிட்டு இருக்கேன். கண்ணு எரியுது. போன் டிங்குனு சத்தம் போடுது. எடுத்துப் பார்த்தா மேலிடத்துல இருந்து வருஷக் கடைசி நன்றி மெயில். முதல் வரி என்ன தெரியுமா? "டியர் ஃபர்ஸ்ட் நேம்." என் பேர் வர வேண்டிய இடத்துல பேரு வரல. பேரை நிரப்பச் சொல்ற டெம்ப்ளேட் வார்த்தையே அப்படியே வந்திருக்கு. அதுக்குக் கீழ, "உங்களைப் போன்ற ஒவ்வொரு தனி மனிதரையும் நாங்கள் மதிக்கிறோம்"னு ஒரு வரி.

சிரிச்சேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபிரண்ட்ஸ் குரூப்ல போட்டேன். டெஸ்ட் பண்ணாம ப்ரொடக்‌ஷனுக்கு விட்டுட்டாங்கன்னு கலாய்ச்சோம். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, அன்னைக்கு கொஞ்சம் வலிச்சுது.

இந்த வருஷம் கதை மாறிடுச்சு. நான் டீம் லீட் ஆகிட்டேன். பெரிய டீம் இல்ல, பதினோரு பேர். நன்றி மெயில் எழுத வேண்டியது இப்ப நான். நாலு நாளா டிராஃப்ட்ல கிடக்கு. எழுதறேன், அழிக்கறேன். எழுதற எல்லா வரியும் அந்த "ஃபர்ஸ்ட் நேம்" மெயில் மாதிரியே இருக்கு.

கான்பெராவில் ஒரு வியாழக்கிழமை

எங்க கிளையன்ட் சிட்னில இருக்காங்க. இந்த மாசங்கள்ல அவங்களுக்கும் நமக்கும் அஞ்சரை மணி நேர வித்தியாசம். அவங்க காலைல பத்து மணிக்கு காபியோட உட்காரும்போது நமக்கு நாலரை. அவங்க நேரத்துல வாழ்ந்து வாழ்ந்து, அவங்க ஊர் செய்தி, அவங்க ஊர் அரசியல் எல்லாம் எனக்குள்ள வந்து உட்கார்ந்துடுச்சு. நம்ம ஊர் கவுன்சிலர் பேரு கேட்டா யோசிப்பேன், ஆஸ்திரேலியா பார்லிமென்ட்ல யாரு எந்தக் கட்சின்னு சொல்லிடுவேன். பெருமையா சொல்லல.

அங்க ஒரு வழக்கம் இருக்கு. வருஷத்தோட கடைசி அமர்வு, நவம்பர் கடைசியிலயோ டிசம்பர் ஆரம்பத்துலயோ வரும். அன்னைக்குக் கேள்வி நேரம் முடிஞ்சதும், சபாநாயகரோட அனுமதியோட பிரதமர் எழுந்து பேசுவார். மசோதா கிடையாது, தீர்மானம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. நன்றி சொல்றது மட்டும்தான் வேலை. அவர் முடிச்சதும் எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து அதையே செய்வார்.

லிஸ்ட் ரொம்ப நீளம். சபாநாயகர், அவையின் செயலாளர், பேச்சை எல்லாம் பதிவு செய்யற ஹான்சார்ட் ஊழியர்கள், நூலகத்துல இருக்கிறவங்க, அவைக்குள்ள தண்ணி டம்ளர் வைக்கிற உதவியாளர்கள், செக்யூரிட்டி, எம்.பி.க்களுக்குக் கார் ஓட்டற அரசாங்க ஓட்டுநர்கள், தோட்டக்காரங்க, கேன்டீன்காரங்க, துப்புரவுப் பணியாளர்கள். அப்புறம் சொந்த அலுவலக ஊழியர்கள், கட்சித் தோழர்கள், தொண்டர்கள், தொகுதி மக்கள், கடைசியா குடும்பம்.

நம்ம ஊர் விழாவுல நன்றியுரை கேட்டிருப்பீங்கல்ல? "ஒலி ஒளி அமைத்துத் தந்த" வரைக்கும் வரும். அதுக்குள்ள கூட்டம் கலைஞ்சிருக்கும், பின்னாடி நாற்காலியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்க ஆரம்பிச்சிருப்பாங்க. அதே நன்றியுரைதான். என்ன, இது பார்லிமென்ட்ல நடக்குது, நாற்காலி அடுக்காம எல்லாரும் உட்கார்ந்து கேக்கறாங்க.

எனக்கு இதுல முதல்ல பிடிச்சது, எதிராளிக்குச் சொல்ற நன்றி. அவங்க கேள்வி நேரத்தைப் பார்த்தீங்கன்னா தெரியும், கத்தல், கிண்டல், சபாநாயகர் யாரையாவது ஒரு மணி நேரத்துக்கு வெளியே அனுப்பிட்டே இருப்பார். அது முடிஞ்ச கையோட அதே ரெண்டு பேர் எழுந்து, அவர் குடும்பத்துக்கு நல்ல விடுமுறை அமையட்டும்னு மாத்தி மாத்தி வாழ்த்தறாங்க. இது நடிப்பு இல்லையான்னு நீங்க கேக்கலாம். கொஞ்சம் நடிப்புதான். ஆனா வருஷத்துல ஒரு நாளாவது எதிர்ல உட்கார்ந்திருக்கிறவரும் வீட்டுக்குப் போற மனுஷன்தான்னு பதிவேட்டுல ஏறற மாதிரி சொல்ல வேண்டியிருக்கு பாருங்க, அந்த நடிப்புக்கு ஒரு உபயோகம் இருக்குன்னுதான் நான் நினைக்கறேன். சமமா இருக்கிற ரெண்டு பேர் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கற நன்றி அது. அதுல பெரிய சிக்கல் இல்ல.

சிக்கல் லிஸ்ட்டோட அடுத்த பாதியில ஆரம்பிக்குது. மேல இருக்கிறவர் கீழ இருக்கிறவருக்குச் சொல்ற நன்றி.

நன்றி நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி

2021ஆம் வருஷத்தை எடுத்துக்கங்க. அந்த வருஷம் கடைசி அமர்வு டிசம்பர் 2, வியாழக்கிழமை. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, நவம்பர் 30ஆம் தேதி, ஒரு அறிக்கை வெளிவந்துச்சு. எழுதினது கேட் ஜென்கின்ஸ், அப்போ அந்த நாட்டோட பாலினப் பாகுபாடு ஆணையர். பார்லிமென்ட்டை ஒரு வேலையிடமா எடுத்துக்கிட்டு, அங்க வேலை செய்யறவங்களுக்கு என்ன நடக்குதுன்னு ஆராய்ஞ்ச அறிக்கை. அந்த வருஷம் பிப்ரவரியில ஒரு முன்னாள் ஊழியர், அமைச்சர் அலுவலகத்துக்குள்ளயே தனக்குப் பாலியல் வன்முறை நடந்துச்சுன்னு பொதுவெளியில சொன்னாங்க. அதுக்கப்புறம் எழுந்த கோபத்துலதான் இந்த ஆய்வுக்கே உத்தரவு போட்டாங்க.

1,723 பேர் ஆய்வுல பங்கெடுத்தாங்க. கருத்துக்கணிப்புல, அப்போ அங்க வேலையில இருந்தவங்கள்ல 51 சதவீதம் பேர், மிரட்டல், பாலியல் தொந்தரவு, பாலியல் வன்முறை அல்லது அதுக்கான முயற்சி, இதுல ஏதாவது ஒண்ணையாவது தாங்களே அனுபவிச்சதா சொன்னாங்க. பாதிக்கு மேல. மூணுல ஒருத்தர் பாலியல் தொந்தரவு நடந்துச்சுன்னு சொன்னாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. செவ்வாய்க்கிழமை இந்த அறிக்கை. வியாழக்கிழமை, நன்றி சொல்றதுக்குன்னே காலண்டர்ல இருக்கிற நாள். "எங்கள் ஊழியர்கள் இல்லாமல் நாங்கள் இல்லை" மாதிரி ஒரு வாக்கியம் சாதாரண வருஷத்துல காதுல விழுந்து போயிடும். அந்த வாரம் அங்க வேலை செஞ்ச ஒரு இருபத்தி நாலு வயசுப் பொண்ணு அதை எப்படிக் கேட்டிருப்பாங்க?

அறிக்கையில என்னை ரொம்ப யோசிக்க வெச்ச விஷயம், கெட்ட மனுஷங்க இருக்காங்கன்னு சொல்லி அது நிறுத்திக்கல. வேலைக்கு எடுக்கற முறையையும் சேர்த்துக் காரணமா காட்டுச்சு. எம்.பி.க்களோட ஊழியர்கள் சாதாரண அரசு ஊழியர்கள் இல்ல. 1984ல வந்த ஒரு தனிச் சட்டத்துக்குக் கீழ வர்றவங்க. சம்பளம் அரசாங்கம் குடுக்கும். ஆனா எடுக்கறது எம்.பி., அனுப்பறதும் எம்.பி. அந்த எம்.பி. தேர்தல்ல தோத்தா ஊழியருக்கும் வேலை போயிடும். அவர் இறந்துட்டாலும் அப்படித்தான். பாதிக்கப்பட்ட ஊழியர் யார்கிட்ட போய் புகார் சொல்றது? யாரைப் பத்திப் புகார் சொல்லணுமோ, பல நேரம் அவர்தான் வேலையும் குடுத்தவர்.

நம்ம பாஷையில சொல்லணும்னா இது பக் இல்ல, டிசைன். ஒருத்தரோட நல்ல மனசை நம்பி முழு சிஸ்டத்தையும் கட்டியிருக்காங்க. நல்ல மனசு இருக்கிற வரைக்கும் நல்லா ஓடும்.

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும், இல்லன்னா நியாயமா இருக்காது. 2022 பிப்ரவரி 8ஆம் தேதி ரெண்டு அவையிலயும் நடந்ததை ஒத்துக்கிட்டு அறிக்கை வாசிச்சாங்க. அப்போதைய பிரதமர் ஸ்காட் மாரிசன் மன்னிப்புக் கேட்டார். 2022 மே மாசம் ஆட்சி மாறுச்சு. 2023ல அந்த 1984 சட்டத்தைத் திருத்தினாங்க. அந்த வருஷம் அக்டோபர் 1ல இருந்து, பார்லிமென்ட்ல வேலை செய்யறவங்களுக்கு ஆதரவு குடுக்கவும் புகார் கேக்கவும் சட்டத்தால உருவான தனி அமைப்பு. 2024 அக்டோபர் 1ல இருந்து, எம்.பி.க்கள் உட்பட எல்லாருடைய நடத்தையையும் விசாரிக்கிற தனி ஆணையம்.

எனக்கு என்ன தோணுதுன்னா, அந்த ஊழியர்களுக்கு உண்மையான நன்றியுரை இந்தச் சட்டத் திருத்தம்தான். அதுல "நன்றி"ங்கற வார்த்தையே இருக்காது. பிரிவு, உட்பிரிவுன்னு வறட்டுத்தனமா இருக்கும். இருந்தாலும் மேல இருக்கிறவர் தன் கையில இருந்த அதிகாரத்துல கொஞ்சத்தைக் கீழ வெச்சார். அதுக்கு முன்னாடி எத்தனையோ டிசம்பர்ல சொன்ன வார்த்தைகள் எதுவும் இதைச் செய்யல.

"உங்க தியாகத்துக்கு நன்றி"

நன்றி உரையில அடிக்கடி வர்ற இன்னொரு விஷயம், நேரம். "நீங்க குடும்பத்தை விட்டுட்டு ராத்திரி பகலா உழைச்சீங்க." நம்ம ஐடி மெயில்லயும் இதே வரி வரும். கேக்க நல்லா இருக்கும். ஆனா அந்த வரி ஒரு ஒப்புதல் வாக்குமூலமும்கூட. அவ்வளவு நேரம் வேலை வாங்கினேன்னு சொல்றவரே ஒத்துக்கறார்.

2022 மே தேர்தல்ல மெல்போர்ன்ல கூயோங் தொகுதியில மோனிக் ரயன்னு ஒரு டாக்டர், சுயேச்சையா நின்னு, அப்போதைய நிதியமைச்சரையே தோற்கடிச்சாங்க. அடுத்த மாசமே புதுப் பிரதமர் ஆண்டனி அல்பனீசி ஒரு முடிவு எடுத்தார். சுயேச்சைகளுக்கும் சின்னக் கட்சிக்காரங்களுக்கும் தொகுதி ஊழியர்கள் போக, கொள்கை, சட்ட வேலைக்குன்னு முந்தைய ஆட்சியில நாலு பேர் வரை இருந்தாங்க. அதை ஒருத்தரா குறைக்கறதா அறிவிச்சார். படிக்க வேண்டிய மசோதா குறையல. படிக்கிற ஆள் குறைஞ்சாங்க. உங்க ப்ராஜெக்ட்ல இது நடந்ததே இல்லன்னு சொல்லுங்க பார்ப்போம்.

2023 ஆரம்பத்துல, ரயனோட அலுவலகத்துல தலைமை உதவியாளரா இருந்த சாலி ரக், ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனாங்க. நியாயமில்லாத கூடுதல் நேரம் வேலை செய்யச் சொன்னாங்க, மறுத்ததால வேலையை விட்டு விலக வேண்டி வந்துச்சுன்னு அவங்க தரப்பு. எதிர்த்தரப்பு அதை மறுத்துச்சு. மே மாசம் ரெண்டு தரப்பும் சமரசத்துக்கு வந்தாங்க. சுமார் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலர் குடுத்தாங்க, ஆனா தப்புன்னு யாரும் ஒத்துக்கல. அதனால யார் சொன்னது சரின்னு கோர்ட் கடைசி வரை சொல்லவே இல்ல. நானும் சொல்லப் போறதில்ல.

எனக்கு முக்கியமா பட்டது அந்தக் கேள்விதான். அவங்க சட்டத்துல முழுநேர வேலைக்கு வாரம் 38 மணி நேரம், அதுக்கு மேல "நியாயமான கூடுதல் நேரம்"னு இருக்கு. நியாயமானதுன்னா எவ்வளவு? நல்ல நோக்கத்துக்காக உழைக்கிற இடத்துல, நாட்டுக்காக, மக்களுக்காகன்னு சொல்ற இடத்துல, அந்தக் கோடு எங்க இருக்கு? கோர்ட்டுல அதுக்குப் பதில் கிடைச்சிருந்தா நாடு முழுக்க எல்லா ஆஃபீஸுக்கும் உபயோகமா இருந்திருக்கும். கிடைக்கல. அப்ப அந்தக் கோட்டைப் போட வேண்டியது யாரு? டீமுக்கு வேலை ஒதுக்கறவங்கதான். அதாவது, இந்த வருஷத்துல இருந்து, என் டீமுக்கு நான்.

லிஸ்ட்டோட கடைசிப் பேர்

நன்றி லிஸ்ட்ல கடைசியில வர்றவங்க துப்புரவுப் பணியாளர்கள். ஆஸ்திரேலியத் தலைவர்கள் இவங்களை மறக்காம சொல்லுவாங்க, அதைப் பாராட்டணும். ஆனா இவங்க பார்லிமென்ட்டோட நேரடி ஊழியர்கள் இல்ல. ஒப்பந்த நிறுவனம் மூலமா வர்றவங்க. ஒப்பந்தம் எடுக்கப் போட்டி போடற கம்பெனிகள் விலையைக் குறைக்கணும்னா, எங்க கைவைப்பாங்க? கூலியிலதான்.

இதைத் தடுக்கறதுக்காக ஒரு காலத்துல மத்திய அரசு வழிகாட்டு விதிகள் வெச்சிருந்துச்சு. அரசுக் கட்டடங்களைச் சுத்தம் பண்ற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, குறைந்தபட்சக் கூலியை விட அதிகமான ஒரு அளவு குடுக்கணும்னு விதி. 2014 ஜூலை 1ஆம் தேதியோட அந்த விதிகளை டோனி அபாட் அரசு நீக்கிடுச்சு. தேவையில்லாத காகித வேலையைக் குறைக்கறோம்னு காரணம் சொன்னாங்க. ஜூலைல விதி போச்சு. டிசம்பர்ல நன்றி சொல்ற நாள் வழக்கம்போல காலண்டர்ல இருந்துச்சு.

நான் கட்சி பேசல. எந்தக் கட்சி வந்தாலும் நன்றிப் பட்டியல் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பட்டியல்ல பேர் இருக்கறதும் பட்ஜெட்ல பேர் இருக்கறதும் வேற வேறன்னு மட்டும் சொல்றேன்.

439 ஓட்டு

கடைசியா தொண்டர்கள். இதுல எனக்கு ஒரு நல்ல கதை தெரியும், அதையும் சொல்லிடறேன், இல்லன்னா வெறும் புலம்பலா போயிடும்.

விக்டோரியா மாநிலத்தோட வடகிழக்குல இண்டின்னு ஒரு கிராமப்புறத் தொகுதி. ஒரே பக்கம் சாய்ஞ்ச தொகுதி, ரொம்ப வருஷமா. அங்க கொஞ்சம் பேர் சேர்ந்து, வீட்டுச் சமையலறை மேஜையைச் சுத்தி உட்கார்ந்து, நம்ம ஊருக்கு என்ன வேணும்னு பேச ஆரம்பிச்சாங்க. அந்தப் பேச்சுல இருந்து வந்த வேட்பாளர் கேத்தி மெக்கோவன். 2013 தேர்தல்ல சுயேச்சையா நின்னு ஜெயிச்சாங்க. வித்தியாசம் 439 ஓட்டு.

439 ஓட்டுல ஜெயிச்சவங்க தொண்டர்களுக்கு நன்றின்னு சொல்லும்போது அது சும்மா மரியாதைக்குச் சொல்றது இல்ல. கணக்குப் போட்டா தெரியும். எந்த வாக்குச்சாவடி வாசல்ல நின்னு நோட்டீஸ் குடுத்தவர் அன்னைக்கு வராம இருந்திருந்தாலும் ரிசல்ட் மாறியிருக்கலாம்.

ஆனா எனக்குப் பிடிச்சது அந்த வெற்றி இல்ல. 2019ல மெக்கோவன் விலகினாங்க. அடுத்த வேட்பாளரை அவங்க கை காட்டல. அந்தத் தொகுதி மக்கள் அமைப்பு தன்னோட முறைப்படி ஆளைத் தேர்ந்தெடுத்துச்சு. ஹெலன் ஹெய்ன்ஸ் நின்னாங்க, ஜெயிச்சாங்க. ஆஸ்திரேலிய மத்திய பார்லிமென்ட் வரலாற்றுல ஒரு சுயேச்சை விட்ட இடத்துல இன்னொரு சுயேச்சை வந்தது அதுதான் முதல் தடவை. நம்ம ஊர்ல தொண்டன்னா யாரு? வெயில்ல கொடி கட்டறவன், மேடையில "உயிரினும் மேலான"ன்னு கூப்பிடறதுக்கு முன்னாடி கை தட்டறவன். வேட்பாளரை முடிவு பண்ற அறைக்குள்ள அவனுக்கு நாற்காலி கிடையாது. இண்டில அந்த நாற்காலியைக் குடுத்தாங்க. தொண்டனுக்கு அதை விட என்ன பெரிய நன்றி இருக்கு?

சொல்றதும் அறியறதும்

இதையெல்லாம் படிச்சுட்டு இருக்கும்போதுதான் ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. திருக்குறள்ல பதினோராவது அதிகாரம். பேரு "செய்ந்நன்றி அறிதல்". மார்க்குக்காகப் படிச்சப்ப இந்தத் தலைப்பை நான் கவனிக்கவே இல்ல. இதுல "நன்றி"ங்கறது நாம சொல்ற வார்த்தை இல்ல. நமக்கு ஒருத்தர் செஞ்ச நன்மை. "அறிதல்"ங்கறதுதான் நாம செய்ய வேண்டியது. நன்றி சொல்லுன்னு தலைப்பு இல்ல மக்களே. உனக்கு யார் என்ன செஞ்சாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கோன்னு தலைப்பு.

அப்ப என் டிராஃப்ட்டுல என்ன தப்புன்னு புரிஞ்சுது. நான் வார்த்தை தேடிட்டு இருந்தேன். தேட வேண்டியது வார்த்தை இல்ல, தகவல்.

சரின்னு மெயிலை மூடினேன். இந்த வருஷ டிக்கெட் எல்லாத்தையும் திறந்தேன். ஜனவரில இருந்து வரிசையா, யார் எதைச் சரி பண்ணினாங்க, எத்தனை மணிக்குப் பண்ணினாங்கன்னு பார்த்தேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஆகஸ்ட்ல ஒரு பெரிய பிரச்சினை வந்துச்சு, பேமென்ட் ரெண்டு தடவை கழியற மாதிரி ஒரு பக். ரிலீஸுக்கு முந்தின நாள் அதைக் கண்டுபிடிச்சாங்க. கண்டுபிடிக்காம போயிருந்தா இன்னைக்கு நான் டீம் லீடா இருந்திருக்க மாட்டேன். எனக்கு அந்தச் சம்பவம் ஞாபகம் இருந்துச்சு. கண்டுபிடிச்சது யாருன்னு டிக்கெட்டைப் பார்த்துதான் தெரிஞ்சுது.

எங்ககிட்ட கான்ட்ராக்ட்ல வேலை செய்யற ஒரு டெஸ்டர். வேற கம்பெனி மூலமா வந்தவங்க. எங்க டீம் மெயில் லிஸ்ட்ல அவங்க கிடையாது, ஏன்னா அவங்க மெயில் ஐடி வேற கம்பெனியோடது. நான் அந்த மெயிலை எழுதி அனுப்பியிருந்தா, பதினோரு பேருக்கும் போயிருக்கும், அவங்களுக்குப் போயிருக்காது. நான் சொன்னேனே பதினோரு பேர்னு, இந்த எபிசோட் ஆரம்பத்துல? அந்தக் கணக்குலயே அவங்க இல்ல.

அவங்க கான்ட்ராக்ட் டிசம்பர் 31ஆம் தேதி முடியுது. அதுவும் எனக்கு அப்பத்தான் தெரியும்.

போய் பேசினேன். ஆகஸ்ட்ல நீங்க பிடிச்ச அந்த பக்னு ஆரம்பிச்சேன். அவங்க உடனே, "ஏன், அதுல ஏதாவது பிரச்சினையா?"ன்னு கேட்டாங்க. நாலு மாசம் கழிச்சு ஒருத்தர் வந்து அதைப் பத்திப் பேசறார்னா திட்டத்தான் வந்திருப்பார்னு நினைச்சிருக்காங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. இல்லைங்க, அது பெரிய வேலை, அப்பவே வந்து சொல்லியிருக்கணும், சொல்லலன்னு சொன்னேன். சிரிச்சாங்க. "பரவாயில்ல, கான்ட்ராக்ட் விஷயம் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க"ன்னாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெளிவா தெரியும். வார்த்தை இல்ல.

நான் மேனேஜருக்கு எழுதினேன். அந்த பக்கோட விவரம், அது வெளிய போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எல்லாம் போட்டு, இவங்களை நேரடியா எடுங்க, முடியலன்னா ஆறு மாசம் நீட்டிங்கன்னு கேட்டேன். மூணு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. நேரடியா எடுக்க இப்ப இடம் இல்ல. மார்ச் வரைக்கும் நீட்டிக்கலாம்.

இதை ஒரு வெற்றிக் கதையா சொல்லல. மூணு மாசம். மார்ச்ல திரும்ப இதே வாசல்ல போய் நிக்கணும். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்னு சொல்லவும் கூச்சமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த வருஷம் நான் எழுதின நன்றியிலயே உருப்படியான நன்றி, மேனேஜருக்கு எழுதின அந்த மெயில்தான். அதுல நன்றின்னு ஒரு வார்த்தை கூட இல்ல.

டீம் மெயிலையும் எழுதி முடிச்சேன். பன்னெண்டு பேருக்கு. ஒவ்வொருத்தர் பேருக்கும் கீழ அவங்க செஞ்ச ஒரு வேலை, அது எந்த மாசம்னு. கடைசியா ஒரு பத்தி, ஜனவரில இருந்து நான் என்ன மாத்தப் போறேன்னு. சனிக்கிழமை ரிலீஸ் பண்ணினா திங்கக்கிழமை லீவு, கேக்காமலே. ராத்திரி ஆன்கால் முறை வெச்சு மாறும், லிஸ்ட்ல என் பேரும் இருக்கும். "அயராத உழைப்பு"ங்கற வார்த்தையை எடுத்துட்டேன். அயர்ந்துதான் போனாங்க. எனக்குத் தெரியும்.

நீங்களும் இந்த வாரம் யாருக்காவது இப்படி ஒரு மெயில் எழுதப் போறீங்கன்னா, லிஸ்ட்டைத் திறந்து யார் அதுல இல்லைன்னு முதல்ல பாருங்க. உங்களுக்கு அப்படி ஒரு மெயில் வந்திருந்தா, அதுல உங்க பேரு சரியா இருக்கா, நீங்க செஞ்சது இருக்கா, அனுப்பினவர் இனிமே என்ன செய்யப் போறார்னு இருக்கான்னு பாருங்க. மூணும் இருந்தா, குடுத்து வெச்சவங்க நீங்க.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த பாட்காஸ்டுக்கு ஆடியோ எடிட் பண்றது என் காலேஜ் ஃபிரண்டு. ரெண்டு வருஷமா, ஒரு ரூபா வாங்காம, ஞாயித்துக்கிழமை ராத்திரி உட்கார்ந்து என் இருமலை எல்லாம் வெட்டி எடுக்கறான். ஒவ்வொரு எபிசோட் கடைசியிலயும் "எடிட் பண்ணின நண்பனுக்கு நன்றி"ன்னு சொல்லி முடிப்பேன், நீங்களும் கேட்டிருப்பீங்க. இன்னைக்கு அதைச் சொல்லப் போறதில்ல. மச்சான், ஜனவரில இருந்து விளம்பரத்துல வர்றதுல பாதி உனக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி வேலை கிடையாது, நான் வியாழக்கிழமையே ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடுவேன். இதை நீ வெட்டிடாத. நாலு பேர் கேட்டாத்தான் எனக்கும் பயம் இருக்கும்.

சரி மக்களே, அடுத்த வருஷம் பார்ப்போம். தூங்குங்க.